மரணப் படுக்கையருகே ஒரு துணை

மரணத் தறுவாயில் இருப்போரின் அருகிலிருந்து, அவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் துணைசெய்வதை ஒரு தனிப்பணியாகவே கற்பிக்கும் வழக்கம் மேலைநாடுகளில் பரவி வருகிறது. 2003-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இத்தகைய பயிற்சி தொடங்கப்பெற்றது. அப்பணியாளரை 'டூலா' என்று அழைக்கின்றனர். பணிப்பெண் அல்லது அடிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. கபிரியேல் தூதருக்கு அன்னை மரியா அளித்த மறுமொழியில், தம்மை ஆண்டவரின் அடிமை எனக் கூறுமிடத்தில், லூக்கா நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் வருவதும் அதே சொல்தான்.

கோவில்பட்டியிலோ, அதைச் சூழ்ந்த கரிசல் சிற்றூர்களிலோ வாழும் ஒருவர், இத்தகைய துணையை எங்கே தேடுவது எனக் கேட்கக்கூடும். அப்பெயரோடு பணிபுரிவோரை இங்கே காண்பது அரிது. ஆயினும் அப்பணி இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதை நமது திருச்சபையின் வரலாறு காட்டுகிறது.

1606-இல் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தபின் வளர்ந்த மதுரை மறைபரப்புத் தளத்தில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி முக்கியமானதொரு மையமாய் விளங்கியது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர்களுள் இதுவும் ஒன்று. அக்காலத்தில் ஒரே குருவானவர் பற்பல ஊர்களைக் கண்காணிக்க வேண்டியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் சேறாகிவிட்டால், அடுத்த ஊருக்கு நடப்பதும் அரிது. நோயாளியின் கடைசி மூச்சு குருவானவரின் வருகைக்குக் காத்திருக்குமா?

அந்த வேளையில் அருகிலிருந்தவர் வேதியர், அதாவது உபதேசியார். அவர் நம்மைப் போன்ற பொதுநிலையினர். பாவமன்னிப்பு அளிக்கவோ, அவஸ்தைப்பூசுதல் வழங்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. ஆபத்து வேளையில் திருமுழுக்கு அளிக்கலாம். உத்தம மனஸ்தாபம் சொல்லக் கற்பிக்கலாம். மந்திரங்கள் சொல்லித் தேற்றலாம். அவ்வளவே. எஞ்சியது உடனிருப்பு ஒன்றுதான். இவ்வேதியர்களுக்கெனவே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார் என்றால், அவர்களது பணியை அவர் எவ்வளவு பெரிதாய் மதித்தார் என்பது விளங்கும்.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1838-இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மீண்டும் மதுரைத் தளத்துக்கு வந்தனர். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் குருக்கள் மிகச் சிலரே இருந்தனர். மூன்று தலைமுறை அளவான அக்காலத்தில், குருவின் முகம் காணாமலே கண்மூடியோர் பலர் இருந்திருப்பர். அவர்களுக்குத் துணைநின்றோர் உபதேசியார்களும் உற்றாரும் அயலாருமே.

உலகத் திருச்சபையிலும் இப்பணிக்கு நீண்ட மரபு உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் உரோமையில் புனித கமில்லுஸ் தொடங்கிய துறவற சபையினர், நோயாளருக்கும் மரிப்போருக்கும் பணிசெய்வதையே தம் வாழ்வாகக் கொண்டனர். 1648-இல் அதே நகரில் இயேசு சபையினர் நன்மரண சபையை நிறுவினர்.

கடந்த நூற்றாண்டில் பங்குகள் பெருகின. சாலைகளும் மருத்துவமனைகளும் வந்தன. இவை யாவும் நன்மைகளே. ஆயினும், குருவானவர் பார்த்துக்கொள்வார், மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று பொதுநிலையினர் மெல்ல விலகினோம். அவஸ்தை கொடுக்கக் குருவை அழைத்தால் நோயாளி மனமுடைந்துவிடுவார் என்றஞ்சி, நினைவு தப்பும்வரை காத்திருக்கும் பழக்கமும் நிலைத்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இத்திருவருட்சாதனத்தின் சடங்கைச் சீர்திருத்தினார். இது நோயாளருக்கு ஆறுதலும் வலிமையும் தருவது, கடைசி மூச்சுக்காக ஒதுக்கிவைக்க வேண்டியதன்று என்பது திருச்சபையின் தெளிவான போதனை. எனினும் பழைய அச்சம் இன்னும் நம் வீடுகளை விட்டு அகலவில்லை.

தனிமையில் விடப்படும் முதுமைக்கு இவ்வறண்ட நிலப்பகுதியில் இன்னுமொரு ஆபத்து உண்டு. 2010-இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகளால் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம் நாடெங்கும் தெரியவந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, படுத்த படுக்கையான முதியோரின் முடிவை விரைவாக்கும் செயல் அது. அது கொலையே, அதில் ஐயமில்லை. ஆனால் அதன் பின்னே வறுமையும், பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போன வெறுமையும், இரவு பகலாய்ப் பார்த்துச் சலித்த ஒருத்தியின் களைப்பும் இருக்கின்றன. அவளைக் கண்டிக்குமுன், நம்மில் யார் ஓரிரவேனும் அவளுக்கு மாற்றாகக் கண்விழித்தோம் என்பதே நம் மனச்சான்றுக்குரிய கேள்வி.

பழைய உபதேசியாருக்கு இல்லாத ஓர் உதவி இன்று நமக்குண்டு. அது வலி தணிக்கும் மருத்துவம். வலியைத் தணிக்க வலிய மருந்துகளைப் பயன்படுத்துவது, மரணத்தை வருவிக்கும் நோக்கம் இல்லாதவரை, முறையானதே என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே தெளிவுபடுத்தினார். 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன், 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் என இந்தியாவில் இப்பணி வளர்ந்தது. கேரளத்தில் அயலாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீடு தேடிச் சென்றனர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் மருந்து கிடைப்பதற்கான தடைகள் குறைக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து வலி தணிக்கும் செவிலியர் பணியும் சேர்க்கப்பட்டது. ஆகவே, நம் ஊரில் துணை தேடுவோர் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிப்பது நலம்.

மற்றப் பாதி நம் அன்பியங்களின் கடமை. முறைவைத்து இரவில் உடனிருத்தல், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல், உலர்ந்த உதட்டை நனைத்தல், பிணக்குற்ற உடன்பிறந்தாரை அழைத்து வருதல், சொல்ல விரும்புவதைப் பொறுமையோடு கேட்டல் ஆகியவற்றுக்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. நினைவு தெளிவாயிருக்கும்போதே குருவானவரை அழைக்க வேண்டும். அவர் வர இயலாத நெருக்கடியில், நற்கருணைப் பணியாளராக நியமனம் பெற்ற பொதுநிலையினர் வழியுணவாகிய நற்கருணையைக் கொண்டுசெல்லவும் திருச்சபை இடமளிக்கிறது.

மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நம் மரண வேளைக்காக அன்னையிடம் மன்றாடுகிறோம். எனக்காக என்றன்று, எங்களுக்காக என்றே மன்றாடுகிறோம். அடுத்த வீட்டில் படுத்திருப்பவரின் மரண வேளையும் அந்த வேண்டுதலுக்குள் அடங்கியிருக்கிறது.