கடைசி வரிசைக்குக் கிடைத்த காது

கோட்டாற்றை அடுத்த இடலாக்குடி ஈன்ற செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே வேளையில் நூறு பொருள்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார். ஒலிவாங்கி அங்கில்லை, ஒலிபெருக்கி இல்லை. குரல்வளை ஒன்றே கருவி! 1933இல் மறைந்த செங்கோட்டைக் கிட்டப்பா கொட்டகையின் கோடிவரை கேட்கப் பாடியதும் அக்கருவி கொண்டே.

திறமைதான், மறுப்பாரில்லை. ஆனால் தோழர்களே, அந்தக் குரல் எட்டிய தொலைவுக்குள் அமர்ந்தவர் யார்? முன்வரிசைக்குப் பணம் வேண்டும், பிறப்பும் வேண்டும் என்றிருந்த நாடு இது. ஓரத்தில் நின்றவனுக்கு உதட்டசைவே உரை, பிறர் கைதட்டலே கருத்து!

அந்த ஓரத்துக்கு ஒலியை அனுப்பியது விஞ்ஞானம். ஜென்சனும் பிரிதமும் 1915இல் கலிபோர்னியாவில் பொதுமக்கள் முன் ஒலிபெருக்கியை முழங்கவிட்டனர். 1925இல் ரைசும் கெல்லாகும் காகிதக்கூம்பு ஒலிபெருக்கிக்கு இலக்கணம் வகுத்தனர். காந்தியாரும் நேருவும் பேசும் பழைய படங்களில் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர் தாங்கிய ஒலிவாங்கியைக் காணலாம். பெயர்தான் சிகாகோ, நடத்தியவர்கள் இந்தியாவின் மோட்வானி குடும்பத்தார்! பின்னர் அண்ணாவின் அடுக்குமொழி தெருமுனை தாண்டிற்று. கூட்டத்துக்கு வர இசைவு பெறாத பெண்ணும் வாசற்படியில் நின்று கேட்க வழி பிறந்தது.

கருவி வந்தது, கையாளும் கலை? ஒலிபெருக்கிக்கு எதிரே ஒலிவாங்கியை நிறுத்தினால், வெளிவந்த ஓசையே மீண்டும் உட்புகுந்து பெருகிப் பெருகி ஊளையிடும். ஆகவே குழாய்கள் பேச்சாளரைத் தாண்டி முன்னே, கூட்டத்தை நோக்கி நிற்கவேண்டும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் தாழும். அதற்காக மேடைக் குழாயை அலறவிடுவது மடமை. முன்னிருப்பவர் செவி கிழியும், பின்னிருப்பவருக்குச் சொல் விளங்காது. இடையில் வேறொரு குழாய் வைப்பதே முறை.

அதிலும் ஒரு சிக்கல். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கம்பியில் ஓடும் மின்சாரமோ கண்ணிமைக்குமுன் சென்றுவிடும். 34 மீட்டர் தள்ளியுள்ள குழாயருகே நிற்பவனுக்கு மேடைக் குழாயின் ஓசை நொடியில் பத்திலொரு பங்கு பிந்தி வருகிறது, சொல் இரட்டிக்கிறது. இன்று அந்தக் குழாயின் ஒலியை அதே அளவு தாமதிக்கும் மின்னணுக் கருவி உண்டு. அது இல்லாத நாளில், நிறுத்தி நிதானித்துப் பேசியவர் உரையே தெளிவாகக் கேட்டது.

2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பகலுக்கும் வரம்பு உண்டு. ஆயினும் விழாவென்றால் அடுத்த தெருவை நோக்கி இருபது குழாய் கட்டுகிறோம், பந்தலுக்குள் இருப்பவன் பக்கத்து ஆளிடம் கேட்கிறான், "என்ன சொன்னார்?"