சமூக நல வாரியத்துக்குத் தலைவர் நியமனம்: துர்காபாயும் முத்துலட்சுமியும்

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் இந்திய அரசு வெளியிட்ட ஒரு தீர்மானத்தின் வழியாக மத்திய சமூக நல வாரியம் உருவானது. இது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் அன்று, கல்வி அமைச்சகத்தின் பெயரில் வந்த அரசுத் தீர்மானம். வாரியத்தின் தலைவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், அவரை யார் நீக்கலாம், அரசுக்குப் பிடிக்காத ஆலோசனையை அவர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் இந்த வாரியம் ஓரளவு சுதந்திரத்துடன் இயங்கியது. அதற்கான காரணத்தை விதிகளில் தேடினால் கிடைக்காது. தலைவர் பதவிக்கு யாரை அமர்த்தினார்கள் என்பதில்தான் தேட வேண்டும்.

வாரியம் ஏன் தேவைப்பட்டது?

விடுதலை பெற்றபோது மத்திய அரசில் சமூக நலத்துக்கென்று தனித் துறை கிடையாது. ஆதரவற்ற பெண்கள், அனாதைக் குழந்தைகள், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கான பணிகளைப் பெரும்பாலும் தன்னார்வ அமைப்புகளே செய்துவந்தன. சென்னையில் மட்டும் இந்திய மாதர் சங்கம், சேவாசதனம், அவ்வை இல்லம், ஆந்திர மகிளா சபை எனப் பல அமைப்புகள் இருந்தன. நன்கொடையும் உறுப்பினர் சந்தாவும் கலைநிகழ்ச்சி வசூலுமே இவற்றின் வருமானம்.

முதல் ஐந்தாண்டுத் திட்டம் (1951-56) இத்தகைய அமைப்புகளுக்கு உதவ 4 கோடி ரூபாய் ஒதுக்கியது. திட்டத்தின் மொத்த மதிப்பு 2,069 கோடி. ஆயிரத்தில் இரண்டு பங்கு என்ற அளவில் பார்த்தால் இது மிகச் சிறிய தொகை. ஆனால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு விடுதியையோ தையல் பள்ளியையோ நடத்திவந்தவர்களுக்கு அது பெரிய பணம். அதை யார் கையால் கொடுப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது.

அமைச்சகத்தின் வழியாகக் கொடுத்தால் விண்ணப்பம், ஆய்வாளர், கோப்பு, தணிக்கை என்று போய்ச் சிறிய அமைப்புகள் களைத்துவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம். அரசுப் பணத்தைத் தனியார் சிலர் தமக்குத் தெரிந்தவர்களுக்குப் பங்கிட்டுவிடுவார்கள் என்ற அச்சம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே வந்த ஏற்பாடுதான் வாரியம். அதன் தலைவர் அரசு அதிகாரியாக இருக்கமாட்டார். உறுப்பினர்களில் சமூக சேவையில் அனுபவமுள்ள பெண்களுக்கு முக்கிய இடம் இருக்கும். நிதி உள்ளிட்ட அமைச்சகங்களின் பிரதிநிதிகளும் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பணம் அரசுடையது, முடிவு வாரியத்துடையது.

முதல் தலைவர்

வாரியத்தின் முதல் தலைவராகத் துர்காபாய் தேஷ்முக் (1909-1981) நியமிக்கப்பட்டார். ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் நடந்த திருமணத்தைப் பின்னர் தாமே விட்டு விலகியவர். 1923ஆம் ஆண்டு காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த கதர்க் கண்காட்சியில் தொண்டராக வாயிலில் நின்றபோது, அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்த நேருவை உள்ளே விட மறுத்தார். சீட்டு வாங்கிக் கொடுக்கப்பட்ட பின்னரே அவர் உள்ளே போக முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு துர்காபாயை இந்தப் பதவியில் அமர்த்தியது அதே நேருவின் அரசு.

1930இல் சென்னையில் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வேலூர், மதுரைச் சிறைகளில் இருந்தார். என்ன குற்றத்துக்காக உள்ளே இருக்கிறோம் என்றே அறியாத எளிய பெண் கைதிகளை அங்கே பார்த்தது, அவரைச் சட்டம் படிக்கத் தூண்டியது. விடுதலையான பிறகு மெட்ரிகுலேஷன் தொடங்கிப் படிப்படியாகப் படித்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று வழக்கறிஞரானார். இதற்கிடையே மயிலாப்பூரில் பெண்களைக் காசி மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார்செய்த சிறு வகுப்பு ஆந்திர மகிளா சபையாக வளர்ந்தது. 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அச்சபையில் இருந்த பெண்கள் 15 பேர்; அவைத் தலைவர் இல்லாதபோது தலைமை வகிக்கும் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் துர்காபாய்.

இந்த வரலாற்றைப் பார்த்தால் நியமனம் இயல்பானதாகவே தோன்றும். ஆனால் இன்றைய அளவுகோலை வைத்துப் பார்ப்பவர் மூன்று கேள்விகளை எழுப்பக்கூடும்.

துர்காபாய் காங்கிரஸ்காரர். 1952 பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகவில்லை. அதன் பிறகுதான் திட்டக்குழு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தேர்தலில் வெல்லாத கட்சிக்காரருக்கு வாரியப் பதவி என்பது இன்று நாம் முகம் சுளிக்கும் வழக்கம். அடுத்து, சமூக நலக் கொள்கையைத் திட்டக்குழுவில் இருந்துகொண்டு வடிவமைத்தவரே அவர். தாம் வரைந்த அமைப்புக்குத் தாமே தலைவரானார். மூன்றாவதாக, 1953 ஜனவரியில் அவர் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை மணந்துகொண்டார். வாரியத்துக்குப் பணம் தரும் அமைச்சகத்தின் தலைவர், வாரியத் தலைவரின் கணவர்.

இவற்றை மழுப்புவதற்கில்லை. ஒரு தேர்வுக் குழு விண்ணப்பங்களைப் பெற்று ஆராய்ந்திருந்தால், மூன்றாவது காரணத்துக்காகவே இவர் பெயரை ஒதுக்கியிருக்கவும் கூடும். அப்படி நடந்திருந்தால் இழப்பு வாரியத்துக்குத்தான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சி. டி. தேஷ்முக் 1956இல் பம்பாய் மாநிலப் பிரச்சினையில் நேருவுடன் முரண்பட்டு அமைச்சர் பதவியைத் துறந்தார். துர்காபாய் தலைவராகத் தொடர்ந்தார். அவருடைய பதவி கணவரின் பதவியை நம்பி நிற்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பதவியில் அவர் செய்தவற்றில் இரண்டைக் குறிப்பிடலாம். 1954இல் தொடங்கிய நல விரிவாக்கத் திட்டங்கள் ஒவ்வொன்றும் சுமார் 25 கிராமங்களை உள்ளடக்கின. பால்வாடி, மகப்பேறு உதவி, கைத்தொழில், முதியோர் கல்வி ஆகியவற்றைக் கிராம சேவிகாவும் மருத்துவச்சியும் கைத்தொழில் ஆசிரியையும் நடத்தினார்கள். நகரங்களில் மட்டும் இருந்த தன்னார்வ அமைப்புகளுக்கே பணம் போய்ச்சேர்ந்தால் கிராமங்களுக்கு எதுவும் கிடைக்காது என்பதால் வாரியம் தானே களத்தில் இறங்கியது. ஆலோசனை சொல்லவும் மானியம் தரவும் ஏற்பட்ட அமைப்பு நேரடி நிர்வாகத்தில் இறங்கியதால் சமூக வளர்ச்சித் துறையோடு வேலை மோதியதும் உண்டு. பிறகு இரண்டையும் இணைத்து நடத்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது, 1958இல் தொடங்கிய வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம். பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் விதவைகளும் கணவரால் கைவிடப்பட்டவர்களும் இரண்டு ஆண்டுகளில் தேர்வுக்குத் தயாராகி, ஆசிரியையாகவோ செவிலியாகவோ கிராம சேவிகாவாகவோ வேலைக்குப் போக இத்திட்டம் வழிசெய்தது. மயிலாப்பூரில் நடந்த காசி மெட்ரிகுலேஷன் வகுப்பின் விரிந்த வடிவமே இது. ஒரு துறைச் செயலர் இந்த இருக்கையில் இருந்திருந்தால் இத்திட்டம் அவருக்குத் தோன்றியிருக்க வாய்ப்புக் குறைவு.

சென்னையில் மாநில வாரியம்

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு திருநெல்வேலியில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்டறிய முடியாது. இதற்காக 1954 முதல் மாநில சமூக நல ஆலோசனை வாரியங்கள் அமைக்கப்பட்டன. மானிய விண்ணப்பங்களை ஆராய்ந்து பரிந்துரைப்பது, நிறுவனங்களை நேரில் பார்வையிடுவது, நலத் திட்டங்களை மேற்பார்வையிடுவது ஆகியவை இவற்றின் பணி. பெயரில் உள்ள ‘ஆலோசனை’ என்ற சொல் பொருளற்றதன்று. பரிந்துரை மாநிலத்திலிருந்து போகும், அனுமதி டெல்லியிலிருந்து வரும்.

தலைவர் நியமன முறையும் இரு பக்கம் இழுப்பதாக இருந்தது. மத்திய வாரியத்தைக் கலந்துகொண்டு மாநில அரசு தலைவரை நியமிக்கும். அரசு சாராத உறுப்பினர்களில் பாதிப்பேரை மாநில அரசும் பாதிப்பேரை மத்திய வாரியமும் நியமிக்கும். அலுவலகச் செலவும் இருவருக்கும் பாதி. ஆக, இரு எசமானர்களுக்கும் ஏற்புடையவராக இருக்க வேண்டும். இருவருக்கும் தலையாட்டுபவராக இருந்தால் பயனில்லை.

சென்னை மாநிலத்தில் இப்பதவியை முதலில் ஏற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886-1968). புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கக் கடுமையாகப் போராடினார். முழுத் தடைச்சட்டம் வர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாரியத் தலைவர் பதவிக்கு இந்த வாழ்க்கை வரலாற்றில் மிகப் பொருத்தமான தகுதி எது என்று கேட்டால், பட்டத்தையோ சட்டத்தையோ சொல்லத் தோன்றவில்லை. 1930இல் காந்தி கைதானபோது முத்துலட்சுமி மேலவையிலிருந்து விலகினார். நியமனத்தால் வந்த பதவியை, தேவைப்பட்டபோது தூக்கி எறியத் தெரிந்தவர் அவர். அதே ஆண்டில் அதே நகரில் இன்னொரு பெண் உப்புக் காய்ச்சியதற்காகச் சிறைக்குப் போனார். கால் நூற்றாண்டு கழித்து ஒருவர் மத்திய வாரியத்துக்கும் மற்றவர் மாநில வாரியத்துக்கும் தலைவர்கள்.

1954இல் முத்துலட்சுமிக்கு வயது 68. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நோயாளிகளுக்குத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவருக்கு அரசிடமிருந்து புதிதாகப் பெற்றுக்கொள்ள வேண்டிய பெயரோ பதவியோ இல்லை. அதே சமயம் அவர் நிறுவிய அவ்வை இல்லம் இயங்கிக்கொண்டிருந்தது. துர்காபாய்க்கு ஆந்திர மகிளா சபை இருந்ததைப் போல. தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் பரிந்துரைக்கும் வாரியத்துக்குத் தொண்டு நிறுவனத்தை நடத்துபவரே தலைவராக இருப்பதில் ஒரு நெருடல் உண்டு. ஆனால் இல்லம் நடத்தாதவருக்கு இல்லத்தின் கஷ்டம் தெரியாது. மாதக் கடைசியில் அரிசி வாங்கப் பணம் இல்லாமல் நின்றவர்தான், கணக்குப் புத்தகத்தில் அரிசிச் செலவு பொய்யாக எழுதப்பட்டிருந்தால் கண்டுபிடிப்பார். இந்த வகை அமைப்புகளில் அனுபவத்தையும் பற்றின்மையையும் ஒருசேர எதிர்பார்ப்பது எல்லாக் காலத்திலும் கடினமாகவே இருந்திருக்கிறது.

பின்னர் வந்த மாற்றம்

1964இல் மத்திய அரசில் சமூகப் பாதுகாப்புத் துறை தோன்றி, 1966இல் சமூக நலத் துறை எனப் பெயர் மாறியது. அதுவரை சமூக நலத்துக்கு டெல்லியில் முகவரியாக இருந்தது வாரியம். இப்போது அமைச்சரும் செயலரும் கொண்ட துறை ஒன்று மேலே வந்துவிட்டது. 1969 ஏப்ரல் 1 முதல் வாரியம் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவாயிற்று. இதனால் அதற்குச் சட்ட உருவம் கிடைத்தது. தலைவரை அரசு தன் விருப்பப்படி நியமிக்கும் நிலை மாறவில்லை.

இதன் விளைவு மெல்ல மெல்லத் தெரிந்தது. வாஜ்பாய் அரசின் காலத்தில் பாரதிய ஜனதாவின் மிருதுளா சின்ஹா தலைவராக இருந்தார். மன்மோகன் சிங் அரசின் காலத்தில் காங்கிரஸின் ரஜனி பாட்டீலும் பிரேமா காரியப்பாவும் இருந்தார்கள். இவர்களில் யாருடைய பணியையும் இங்கே குறைசொல்லவில்லை. மிருதுளா சின்ஹா நல்ல எழுத்தாளரும்கூட. ஆட்சி மாறினால் தலைவரும் மாறுவார் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது என்பதே கவனிக்க வேண்டியது. துர்காபாயும் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர்தான். ஆனால் நேருவிடம் மறுத்துப் பேசும் அளவுக்கு அவருக்குத் தனி நிலை இருந்தது. அந்த நிலை பதவியோடு வந்ததன்று, அதனால் பதவியோடு அடுத்தவருக்குக் கைமாறவும் இல்லை.

பிற்காலச் சட்டங்கள் வேறு வழிகளை முயன்றன. 1990ஆம் ஆண்டின் தேசிய மகளிர் ஆணையச் சட்டம், பெண்கள் நலனில் ஈடுபாடு கொண்ட ஒருவரை மத்திய அரசு தலைவராக நியமிக்க வேண்டும் என்று சொன்னது. ஈடுபாட்டை அளப்பது யார் என்று சொல்லவில்லை. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஒரு படி மேலே போனது. தேசிய மனித உரிமை ஆணையத் தலைவரைப் பரிந்துரைக்கும் குழுவில் பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஆகியோருடன் இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்களையும் சேர்த்தது. பெரும்பான்மை அரசின் பக்கமே சாயும் என்றாலும், எதிர்க்கட்சித் தலைவர் தம் மறுப்பைக் கோப்பில் எழுதிவைக்கலாம். பிரிட்டனில் 1980இல் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட சமூகப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் தலைவராக அமைச்சர் தேர்வுசெய்தவரை, நியமனத்துக்கு முன்னால் நாடாளுமன்றக் குழு பொதுவில் அழைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. அக்குழுவுக்கு நியமனத்தைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் கேள்வியும் பதிலும் அச்சில் நிற்கும்.

மத்திய சமூக நல வாரியத்தின் தலைவர் நியமனத்துக்கு இப்படிப்பட்ட தேர்வுக் குழுவோ பொது விசாரணையோ ஏற்படவில்லை. 1953இல் அதற்கான தேவையை யாரும் பெரிதாக உணரவும் இல்லை. நாற்காலியில் துர்காபாய் இருந்தார்.