தகடுகளும் பாடபேதங்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை ஒட்டிய மகாராஜபுரம் எங்கள் ஊர். சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாகச் சென்ற அன்பர்கள் அறிந்திருக்கக்கூடும். எண்பதுகளின் இறுதியில் கல்யாண வீடுகளிலும் கோயில் பொங்கலிலும் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படங்கள் போடுவார்கள். ஐப்பசி மழை ஓய்ந்தபின் கேசட் நாடாவில் பூஞ்சை பூத்திருக்கும். திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடத் தொடங்கியதும் டெக்காரர் ஒரு ரூபாய் நோட்டை மடித்து ஹெட்டைத் துடைப்பார். படம் தெளியும், கூட்டம் மீண்டும் உட்காரும்.

நாடாவின் இயல்பு, படியெடுக்கப் படியெடுக்கத் தேய்வது. ஓலைச்சுவடிக்கும் அதே விதிதான். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கவேண்டியிருந்ததற்குக் காரணம், ஒவ்வொரு பெயர்த்தெழுதலிலும் புகுந்த பிழைகள். வீடியோ நாடாவின் நான்காம் படியைப் பார்த்தவர்களுக்கு இந்த வருத்தம் எளிதில் விளங்கும்.

1993இல் பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிடா நிறுவனங்கள் வகுத்த விசிடி இந்தத் தேய்மானத்தை ஒழித்தது. மூலத்தில் உள்ள எண்கள் அப்படியே படியில் இறங்கின. நூறாவது படிக்கும் முதற்படிக்கும் வேறுபாடில்லை. திருட்டு விசிடி அத்தனை வேகமாகப் பரவியதற்கும், 2004இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருடர்களைச் சேர்த்ததற்கும் பின்னணியில் இந்தத் தொழில்நுட்ப உண்மையும் உண்டு. பிழை படியெடுப்பில் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் முதன்முதலாகத் தகட்டில் ஏற்றும்போதே அது உள்ளே நுழைந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். விசிடியில் ஒரு சட்டகம் 352க்கு 288 புள்ளிகள். காட்சிக்கென ஒதுக்கப்பட்டது நொடிக்கு 1150 கிலோபிட். நொடிக்கு 25 சட்டகம் என்றால், ஒரு சட்டகத்துக்குச் சராசரியாக ஆறு கிலோபைட்டுக்கும் குறைவு. இடையிடையே ஒரு முழுப்படத்தைச் சேமித்துவிட்டு, மற்றவற்றுக்கு முன்பின் சட்டகங்களிலிருந்து மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது இதன் தந்திரம். அசையாத முகத்துக்கு இது போதும். எல்லாமே ஒருசேர அசைந்தால் போதாது. 'சந்திரலேகா'வின் (1948) முரசு நடனத்தை நான் முதலில் விசிடியில்தான் பார்த்தேன். வாசன் அத்தனை பேரை நிறுத்தி ஆடவைத்த காட்சி, சாம்பல் நிறக் கட்டங்களாக உடைந்து நெளிந்தது. நாடாவில் அது மங்கியிருக்குமே தவிர உடைந்திருக்காது.

1996இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி புள்ளிகளை நான்கு மடங்காக்கியது: 720க்கு 576. 2006இல் வந்த புளூ-ரே அதைப்போல் ஐந்து மடங்கு. இந்த எண்களை மட்டும் வைத்துத் தரத்தை மதிப்பிடுவது, தாளின் வெண்மையைக் கொண்டு பதிப்பை மதிப்பிடுவதற்கு ஒப்பானது என்பேன்.

ஏனெனில் நம் படங்கள் நீளமானவை. ஒரே அடுக்குள்ள டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் ஏற்றினால் ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 4.2 மெகாபிட் கிடைக்கும். தாராளம் இல்லை, ஆனால் கௌரவமான அளவு. நம் ஊர்க் கடைகளிலோ 'ஒரே தட்டில் மூன்று படம்' என்று விற்றார்கள். அப்போது ஒவ்வொன்றுக்கும் 1.4 மெகாபிட்தான் மிஞ்சும். அதாவது டிவிடி என்ற பெயரில் ஏறத்தாழ விசிடியின் உணவைக் கொண்டு நான்கு மடங்கு பெரிய உடம்பைப் போற்றவேண்டும். படம் சோகைபிடிக்காமல் என்ன செய்யும்? 2007இல் மோசர்பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் தந்தபோது, வெறும் ஆறு ரூபாய் வித்தியாசத்தில் மேலான வடிவம் சாமானியர் கைக்கு எட்டியது. அந்நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போனது.

இத்தனை குறைகளும் அன்று கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2006 முதல் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி. அதன் மென்மையான ஒளிர்வில் கட்டங்கள் கரைந்துவிடும். பின்னர் வந்த தட்டையான பெரிய திரைகளே பழைய தகடுகளைக் காட்டிக்கொடுத்தன.

செவிக்கும் ஒரு பாடபேதம் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கு 25. தகட்டில் ஏற்றுவோர் பெரும்பாலும் படத்தைச் சற்று விரைவாக ஓட்டிச் சரிக்கட்டினர். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் சுருங்கும். சுருதியை ஈடுசெய்யாவிட்டால் அது அரைச் சுரத்துக்குச் சற்றே குறைவாக உயர்ந்துவிடும். 'ஹரிதாஸ்' (1944) போன்ற ஒரு படம் இவ்வாறு ஏற்றப்பட்டால், நாம் கேட்பது பாகவதர் பாடிய சுருதியை அன்று. அமெரிக்க முறையில் வெளியான தகடுகளில் சில சட்டகங்களை இருமுறை காட்டி 24ஐ நிரவியதால், அசைவு சற்றுத் திக்கினாலும் சுருதி பிழைத்தது.

எனக்கு நேர்ந்த இழுக்கு சட்டகத்தின் அகலத்தைப் பற்றியது. 1973இல் வெளியான 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு, பழைய தொலைக்காட்சிக்கு 1.33 மடங்கு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டால் விசிடியின் 288 வரிகளில் 163 மட்டுமே படத்துக்கு எஞ்சும். பட்டை பிடிக்காதவர்களுக்காகத் திரையை நிரப்பினாலோ, நூற்றுக்கு 43 பங்கு படம் பக்கவாட்டில் வெட்டுப்படும். முதுகலைப் படிப்பின்போது எழுபதுகளின் திரைக்கதைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அதில் ஒரு ஸ்கோப் படத்தைக் குறிப்பிட்டு, 'உரையாடும் இருவரில் ஒருவரின் மூக்கு மட்டும் தெரியும்படி சட்டகம் அமைத்திருப்பது நாடக மேடைப் பழக்கத்தின் எச்சம், காட்சிமொழி அறியாமை' என்று தீர்ப்பளித்தேன். பேராசிரியரும் அந்த வரியைப் பாராட்டினார். பத்தாண்டுகள் கழித்து முழு அகலத்தில் அதே படத்தைப் பார்க்க வாய்த்தது. இருவரும் சட்டகத்தின் இரு ஓரங்களில், நடுவில் வெறும் சுவரோடு, பேசாமல் பிரிந்து நிற்கும் அருமையான காட்சி அது. வெட்டியவன் தகடு தயாரித்தவன். திட்டு வாங்கியவர் ஒளிப்பதிவாளர்.

நல்ல பிரதி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'கர்ணன்' (1964) சான்று. சீரமைக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்தபோது நூறு நாட்களைக் கடந்து ஓடியது. எல்லாப் படங்களுக்கும் அந்த யோகம் இல்லை. மூலச்சுருள் அழிந்துபோன படத்துக்கு, தேய்ந்த திரையரங்கப் பிரதியிலிருந்து எடுத்த மங்கலான தகடே மூல ஏடாகிவிடுகிறது. அதே தகட்டின் படத்தை ஊதிப் பெருக்கி, 1080 என்று பெயரிட்டு இணையத்தில் ஏற்றுகிறார்கள். இல்லாத புள்ளியை எங்கிருந்து கொண்டுவருவது? 'பழைய படமெல்லாம் மங்கலாத்தான் எடுத்திருப்பாங்களா ஐயா?' என்று என் வகுப்பில் ஒரு மாணவி உண்மையான ஐயத்தோடு கேட்டாள்.

ஆய்வுக் கட்டுரையின் பிரதி துறை நூலகத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு அங்கே போயிருந்தபோது அந்தப் பக்கத்தின் ஓரத்தில், 'விசிடி பாடம். வெட்டப்பட்டது' என்று பென்சிலால் குறித்துவிட்டு வந்தேன்.