சுவர்க்கத்தின் நீரூற்றுகள்
ஆர்தர் சி. கிளார்க் (1917–2008) இயற்றி 1979இல் வெளிவந்த விஞ்ஞான நவீனம். ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் பெற்றது. கால யந்திரம் எதையும் துணைக்கழையாமல், பூர்வகால அரசனொருவனின் வாழ்வையும் இருபத்திரண்டாம் நூற்றாண்டுப் பொறியியலாளர் மோர்கனின் முயற்சியையும் மாறிமாறிச் சொல்வதால், வாசகரே யுகங்களினூடே பிரயாணம் செய்கிறார். தந்தையைக் கொல்வித்து, இலங்கையின் சிகிரியாக் குன்றின்மேல் மாளிகை எழுப்பிய காசியப்ப மன்னனின் (ஆட்சி 477–495) சரித்திரம் இங்கே காளிதாசன் என்னும் மன்னனின் கதையாக உருமாறியுள்ளது. மோர்கன் கட்ட விழையும் கோபுரமோ, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு ஒத்துச் சுழலும் நிலையத்துக்கு ஏறும் மின்தூக்கியாகும். அதன்பொருட்டு ஆசிரியர் இலங்கையையே கற்பனையில் தெற்கே சுமார் 800 கிலோமீட்டர் நகர்த்திவிட்டார்.

1956இல் இலங்கையில் குடியேறிய கிளார்க், திருகோணமலைக் கடலில் மூழ்கிப் பழைய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டவர். அத்துறைமுகத்துக்கு வடக்கேயுள்ள திரியாய்க் குன்றில், வட்டவட்டமாகக் கற்றூண்கள் சூழ்ந்த சைத்தியமும், தபசு, பல்லுகர் என்ற வணிகரை நினைவுகூரும் சமஸ்கிருதச் சாசனமும் உள்ளன. பல்லவ கிரந்தத்தை ஒத்த அதன் எழுத்து, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் இக்கரைக்கும் காஞ்சிக்கும் இருந்த உறவைப் புலப்படுத்துகிறது. பூர்வகாலத்தையும் வருங்காலத்தையும் பிணைக்கும் கிளார்க்கினுடையது போன்ற நவீனமொன்றைத் தமிழில் எழுத முற்படுவோருக்குத் திரியாயினும் சிறந்த களம் கிடைப்பது அரிது.