அடிமட்டத்துக்கு ஒரு விளக்கு

மூன்றடி நீளம். இரண்டடி ஆழம். கொளத்தூர் வரை போய் ஆசை ஆசையாக ஒரு மீன்தொட்டி வாங்கி வந்தேன். அடியில் புல் மாதிரி படரும் செடி, நடுவே இரண்டு மரக்கட்டை, தலைக்கு மேலே பளீரென்று ஒரு விளக்கு. ஒரே மாதம்தான். மேல் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. கீழே புல் மஞ்சளாகி, அழுகி, தண்ணீர் நாறி, ஒருநாள் காலையில் ஆறு மீன்கள் மல்லாந்து கிடந்தன.

'லைட்டு பத்தலை சார்' என்றார் ஒரு கடைக்காரர். 'லைட்டு ஜாஸ்தி சார்' என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதும் சரி என்பது பிற்பாடுதான் புரிந்தது. என்னுடைய இந்தக் குழப்பத்துக்கு நூற்றெழுபது வருட வரலாறு இருக்கிறது.

1849. லண்டன். ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியல் ஆசாமி. பன்னிரண்டு காலன், அதாவது சுமார் 55 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோல்ட்ஃபிஷ்களை விட்டார். கூடவே வாலிஸ்னேரியா என்கிற, ரிப்பன் மாதிரி நீண்ட இலைகொண்ட நீர்ச்செடி. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், வெளிச்சத்தில் செடி விடும் ஆக்ஸிஜனை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது கணக்கு.

கணக்கு உதைத்தது. பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது. மனிதர் அசரவில்லை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. 1850ல் இதைக் கட்டுரையாக எழுதினார். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மக்கள் பார்ப்பதற்கென்றே மீன் காட்சியகம் திறந்தார்கள். அடுத்த வருடமே பிலிப் ஹென்றி காஸ் புத்தகம் எழுதி, 'அக்வேரியம்' என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார்.

எல்லாம் சரி, விளக்கு? ஜன்னல்தான் விளக்கு. சூரியன் எவ்வளவு கொடுத்ததோ, அவ்வளவு.

பிறகு குண்டு பல்பு வந்தது. வெளிச்சத்தைவிடச் சூடுதான் அதிகம். 1938ல் அமெரிக்காவில் டியூப்லைட் விற்பனைக்கு வந்தபோதுதான் தொட்டிக்காரர்களுக்கு மூச்சு வந்தது. காலப்போக்கில் ஒரு சூத்திரமும் பிறந்தது. ஒரு காலன் தண்ணீருக்கு இரண்டு, மூன்று வாட்!

இதில் ஓர் ஓட்டை. அகலமான தாம்பாளத்திலும் உயரமான அண்டாவிலும் ஒரே அளவு தண்ணீர் பிடிக்கலாம். இரண்டின் அடித்தரைக்கும் ஒரே வெளிச்சமா போகும்? பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மொத்தச் சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு. விளக்கின் வாட் என்பது மொத்தச் சம்பளம். இரண்டடித் தண்ணீர் சிவப்பு ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய பிடித்தம், வெளிச்சம் போகப்போக விரிந்து நீர்த்துப் போவது. தரையில் இருக்கும் செடிக்கு மிச்சம்தான்.

இங்கேதான் ஜப்பானிலிருந்து ஒரு சைக்கிள் பந்தய வீரர் நுழைகிறார். தகாஷி அமானோ. பந்தயத்தில் சம்பாதித்த காசில் அமேசான், போர்னியோ காடுகளுக்குப் போய்ப் படம் எடுத்தவர். அந்தக் காட்டைத் தொட்டிக்குள் வளர்க்க 1982ல் ஒரு கம்பெனி தொடங்கினார். மைதானங்களில் எரியும் மெட்டல் ஹாலைடு விளக்கைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டார். நீளமான டியூப்லைட் போல அல்ல. ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி. பிரதிபலிப்பான் வைத்துக் குவித்தால் ஆழம் வரை இறங்கும். ஆனால் கொதிக்கும், கரண்ட் பில்லும் எகிறும்.

அதற்கும் விடை கிடைத்தது, இன்னொரு அமானோ மூலம்! ஹிரோஷி அமானோ. உறவில்லை, பெயர் ஒற்றுமைதான். அகாசாகி, நகமுரா ஆகிய இருவரோடு சேர்ந்து நீல எல்.இ.டி.க்காக 2014ல் நோபல் வாங்கியவர். நீல எல்.இ.டி. மேல் ஒளிரும் பூச்சைத் தடவினால் வெள்ளை வெளிச்சம். இன்று தொட்டிகளில் எரிவது அதுதான். லிஸ்பன் அக்வேரியத்தில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்க்காட்டை அமைத்துவிட்டு, அதே 2015ல் தகாஷி அமானோ காலமானார்.

சரி, இரண்டடி ஆழத்துக்கு என்ன வாங்குவது? லூமென் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்கான அளவு 'பார்' எனப்படுவது. அதுவும் விளக்கருகே அல்ல, மண்ணருகே எவ்வளவு என்று கேளுங்கள். சாதாரணச் செடிக்கு 30, படர்புல்லுக்கு 50க்கு மேல் என்பது நடைமுறைக் கணக்கு. ஆழத் தொட்டிக்கு ஒளியைக் குறுகலாகக் குவிக்கும் லென்ஸ் நல்லது. தினம் ஏழெட்டு மணி நேரம் போதும். கரியமில வாயு கொடுக்காமல் வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் செடி வளராது, பாசிதான் வளரும்.

கடைக்காரர்கள் இரண்டு பேரும் ஏன் சரி? என் தொட்டியில் மேலே வெளிச்சம் ஜாஸ்தி. கீழே பத்தவில்லை.

இப்போது லென்ஸ் வைத்த விளக்கு, ஆழத்தில் அதிக ஒளி கேட்காத செடிகள், கூடவே நாலு நத்தைகள். மீன்கள் சௌக்கியம். வாரிங்டன் பார்த்தால் நத்தைகளைத்தான் முதலில் விசாரிப்பார்.