தீர்மான நோட்டு கோர்ட்டுக்குப் போன கதை

குழு வளர்ந்த கதையை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் கோர்ட்டுக்கு நாலு வருசம் அலைஞ்சு தெரிந்துகொண்ட வரலாற்றை எழுதுகிறேன்.

விவாகரத்து ஆனா புருசன் சொத்தில் பாதி வரும்னு நம்மில் பல பேர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். முதல் நாளே வக்கீலம்மா, "அப்படி ஒரு சட்டம் நம்ம ஊருல இல்லம்மா" என்றார். பத்திரம் யார் பேரில் இருக்கோ, சொத்து பெரும்பாலும் அவருக்கே. பெண் கேட்கக்கூடியது முக்கியமாக ஜீவனாம்சம், அப்புறம் அவளுடைய சீதனம்.

ஜீவனாம்சத்தின் கதையைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்து 1898 சட்டத்தில் மாதம் 50 ரூபாய்க்கு மேல் கிடையாது. 1973 சட்டத்தின் 125-ஆவது பிரிவிலும் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. அரிசி என்ன விலை வித்தாலும் அதே 500. 2001-ல்தான் அதை எடுத்தார்கள். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்சநீதிமன்றம், இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தரணும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடணும் என்றது. வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுபவர்களுக்கு அது ஒரு கடிவாளம்.

சீதனத்துக்கு 1985-ல் பிரதிபா ராணி வழக்கு. பொண்ணுக்குப் போட்ட நகையும் பாத்திரமும் அவளுக்கே சொந்தம், புருசன் வீட்டில் இருப்பது நம்பி ஒப்படைத்ததுதான், திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்று தீர்ப்பு. சரி, ஆனா போட்டதுக்கு ஆதாரம்? எனக்குப் போட்டது 14 பவுன். ரசீது ஒன்றுகூட இல்லை. கல்யாண ஆல்பத்தில் தெரிந்த நகைக்கு மட்டும் பதில் கிடைத்தது. 9 பவுன் வந்தது.

வீடுதான் பெரிய வேதனை. மனை அவர் பேரில். கட்டியது குழுவில் நான் வாங்கிய கடனில், இட்லிக் கடை வருமானத்தில் நான் கட்டிய தவணையில். எதிர்த்தரப்பு வக்கீல் நம்ம தீர்மான நோட்டைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, சாதாரண சாட்சியச் சட்டம் ஏற்காத ஆவணத்தையும், வழக்கைத் தீர்க்க உதவும் என்று பட்டால் ஏற்கலாம் என்கிறது. நீதிபதி அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். "வீடு கட்ட" என்று எழுதி, பதினைந்து பேர் கையெழுத்து, ரெண்டு பேர் கைநாட்டு. கூட்டத்தில் அதை எழுதும்போது கொட்டாவி விட்டவள் நான்!

அந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகுதான் அவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். கடன் தொகை முழுசும் திரும்ப வந்தது. வீடு வரவில்லை.

2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்த்ததில் பங்குதான் என்று தீர்ப்பளித்தது. அது விவாகரத்து வழக்கு இல்லை. சட்டமாகவும் இன்னும் வரவில்லை. இருந்தாலும் பேப்பரில் படித்த அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன்.

இப்போ எங்க குழுவில் யார் வீட்டுக்கடன் கேட்டாலும், "மனை யார் பேருல?" என்று கேட்பேன். சிலருக்குப் பிடிக்கலை. பதிலையும் சேர்த்துத்தான் நோட்டில் எழுதுகிறோம்.