வீடற்றவர்களின் சரித்திரம்

நாடு விடுதலை பெற்ற பின்னும் விடுதலை காணாத மக்கள் உண்டு. அவர்களுடைய சரித்திரத்தை ஆட்சியாளரின் ஏடுகள் முழுமையாகச் சொல்வதில்லை. எழுத்தாளனே சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கையின் மலையகத்தில் அக்கடமையை ஏற்றவர் சி. வி. வேலுப்பிள்ளை.

1914-ல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர், ஆசிரியராகப் பணியாற்றித் தொழிற்சங்கப் பணியில் இறங்கினார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் வெற்றி பெற்றனர். தலவாக்கொல்லையின் பிரதிநிதி வேலுப்பிள்ளை. தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் துணை நின்றன. ஆளும் வர்க்கம் இதை மறக்கவில்லை.

1948 பிப்ரவரியில் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. தந்தை, பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது அச்சட்டம். பதிவுச் சீட்டு எதுவுமற்ற லயத்து மக்கள் எதைக் காட்டுவார்கள்? 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. வேலுப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்த கைகளே வாக்கிழந்தன. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் இடமும் கிட்டவில்லை.

சபையில் அடைக்கப்பட்ட குரல் எழுத்தில் ஒலித்தது. 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1970-ல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், தோட்டத்து மனிதர்களைச் சித்திரமாகத் தீட்டுகிறது. தமிழில் எழுதிய நாவலுக்கு அவர் இட்ட பெயர் 'வீடற்றவன்'. இப்பெயரில் ஒரு பொருளாதார உண்மை அடங்கியிருக்கிறது. லயத்துக் காம்பிரா தொழிலாளியுடையதன்று, தோட்டத்துடையது. சங்கம் அமைத்து வேலையை இழந்தவன் அன்றே கூரையையும் இழக்கிறான். கூலி, குடியிருப்பு, குடியுரிமை மூன்றும் ஒரே விலங்கின் கண்ணிகள்.

கென்யாவில் தேயிலை விளையும் லிமுருவில் பிறந்த கூகி வா தியாங்கோவையும் இங்கே நினைக்கலாம். புதினத்திலும் கட்டுரையிலும் சுதந்திர ஆட்சியின் துரோகத்தை எழுதிய அவரை, 1977-ல் அவ்வாட்சியே சிறையிட்டது. பின்னர் அவர் ஆங்கிலத்தை விட்டுக் கிக்கூயு மொழியில் புதினம் படைத்தார். வேலுப்பிள்ளையும் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தவர். இறுதிக் காலத்தில் மலைநாட்டு மக்களின் பாடல்களையும் தொகுத்தளித்தார்.

1964 ஒப்பந்தம், அம்மக்களைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் நிறைவேறியது. வேலுப்பிள்ளை அதைக் காணவில்லை; 1984-லேயே மறைந்தார். குடியுரிமை கிடைத்துவிட்டது. சொந்த நிலமும் வீடுமோ இன்னும் கோரிக்கையாகவே நிற்கின்றன. அதுவரை 'வீடற்றவன்' பழைய நாவலாகிவிடாது.